வியாழக்கிழமைக் கடப்பாரை

கானாவுக்கு யாரை அனுப்புவது என்று எங்கள் கம்பெனியில் பேச்சு எழுந்த அன்று எல்லாருக்கும் ஒரே சமயத்தில் முதுகுவலி வந்தது. மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒண்டிக்கொண்டிருக்கும் சின்ன பம்பு கம்பெனி எங்களுடையது. சோலாரில் ஓடும் மோட்டார் செய்கிறோம். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கிராமப்புற மாவட்டத்துக்கு நாங்கள் அனுப்பிய பம்பு போய்ச் சேர்ந்துவிட்டது. அதைப் போர்க் கிணற்றுக்குள் இறக்கி, பைப் புதைத்து, தொட்டியில் தண்ணீர் ஏற்றிக் காட்டிவிட்டு வர ஓர் ஆள் வேண்டும். சர்வீஸ் பிரிவில் முதுகுவலி சொல்ல மறந்தவன் நான் ஒருவன்தான்.

எனக்கு இருந்த வலி வேறு. என் வீடு முடிச்சூரில். 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் யாரும் மழையை ரசிப்பதில்லை. தெருவின் எதிர்வரிசை வீடுகளை ஒட்டி ஒரு மழைநீர்க் கால்வாய் போகிறது. எதிர்வீட்டு தனசேகர் தன் புதுக் காரை ஏற்றி இறக்க அதன் குறுக்கே ஒரு சிமென்ட் ராம்ப் போட்டார். போட்ட வேகத்தில் கால்வாயையும் அடைத்துவிட்டார். மழை பெய்தால் தண்ணீர் அந்த ராம்ப்பில் முட்டி நின்று, கொஞ்சம் யோசித்து, எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும்.

தனசேகர் பூர்வீக முடிச்சூர்க்காரர். எங்கள் காலனி நிற்கிற இடமெல்லாம் அவர் அப்பா நெல் போட்ட நிலம். அதை மனை போட்டு எங்களுக்கு விற்றார்கள், விற்ற பணத்தில் கார் வாங்கினார், அந்தக் காருக்கு ராம்ப் போட்டு, மனை வாங்கிய என் வீட்டுக்கே தண்ணீர் விடுகிறார் என்பது என் கட்சி. ஊரும் ஊரும் தொட்டுக்கொள்கிற எல்லையில் கால்வாய் இருப்பதால், ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டுவார்கள். அங்கே போனால் "நாளைக்கு வாங்க". அந்த "நாளைக்கு"களைக் கேட்டுக் கேட்டே எனக்கு அந்த வார்த்தையைக் கண்டால் ரத்தம் கொதிக்க ஆரம்பித்திருந்தது. தனசேகரோடு பேச்சே இல்லை.

கிளம்பும்போது வசந்தி இரண்டு விஷயம் சொன்னாள்.

"ஒண்ணு, இது புரட்டாசி. அங்க போய்க் கண்டதையும் சாப்பிடாதீங்க. ரெண்டு, ஐப்பசி மழைக்குள்ள அந்த ராம்ப்புக்கு ஒரு வழி பண்ணுங்க. இந்த வருஷமும் தண்ணி வந்துச்சுன்னா, நான் கீழ்க்கட்டளை அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன். நீங்களும் ஃபிரிட்ஜும் கட்டில் மேல ஏறி உக்காந்துக்குங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தே வைத்துவிட்டாள்.

மாவட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு நண்பர்கள் ஆகிவிட்டார்கள், மொழிபெயர்த்துப் படித்துவிடுவார்கள். தலைநகர் அக்ராவிலிருந்து உள்ளே, வெகு உள்ளே இருக்கிறது. காடு முடிந்து புல்வெளி தொடங்குகிற இடம். கொக்கோ, மரவள்ளி, வாழை. மண் செங்கல்பட்டுப் பக்கத்துச் செம்புராங்கல் மண்ணேதான். சட்டைக் காலரில் ஏறினால் இறங்காது. முதல் நாளே ஊருக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது.

கடைசிக் கொஞ்ச தூரத்தை ட்ரோட்ரோ என்கிற வேனில் கடந்தேன். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். நிரம்பியது என்று நாம் நினைப்பது வேறு, கண்டக்டர் நினைப்பது வேறு. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் அரைச் சீட்டில் உட்கார்ந்து பழகிய எனக்கு இது பெரிய விஷயமில்லை. வழியில் டயர் பஞ்சர். எல்லாரும் இறங்கி, ஆளுக்கொரு யோசனை சொல்லி, கழற்றுகிறவரை வேலை செய்ய விடாமல் பார்த்துக்கொண்டார்கள். சேலையூரில் நடந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

சாலையோரம் முழுக்க பெரிய பெரிய பேனர்கள். சிரித்த முகத்தோடு ஒரு அம்மாள், கோட்டு போட்ட ஒரு பெரியவர். தேர்தல் போலிருக்கிறது என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இல்லை, இவர்கள் எல்லாரும் இறந்துபோனவர்கள்" என்றார் அவர். "சாவுக்கு இவ்வளவு பெரிய போட்டோ போடுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்குமே."

நான் எங்கள் ஊர் கண்ணீர் அஞ்சலி பேனர்களை நினைத்துக்கொண்டு மரியாதையாக வாயை மூடிக்கொண்டேன்.

மாவட்டத் தலைநகரில் பம்புத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினீயர் அபேனா காத்திருந்தார். நாற்பது வயசு இருக்கும். சிரிக்காமல் கிண்டல் செய்யக்கூடியவர். அவருடைய டிரைவர் யாவ். அங்கே பிறந்த கிழமையையே பெயராக வைக்கிறார்கள். அபேனா செவ்வாய், யாவ் வியாழன். நான் ஞாயிறு என்று சொன்னதும் யாவ் என்னை "க்வாசி" ஆக்கிவிட்டான். ஜாதகம் இல்லாமலே பாதி ஜாதகம் முடிந்தது.

சாப்பாட்டில் முதல் சறுக்கல். இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று ஹோட்டல் அம்மாளிடம் விளக்கிச் சொன்னேன். நன்றாகப் புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டு, முழு மீன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "இது இறைச்சி இல்லை, மீன்" என்றார் பொறுமையாக. அதற்குப் பிறகு நான் பனை எண்ணெயில் வெந்த காராமணியிலும் இஞ்சி மிளகாய் போட்டுப் பொரித்த வாழைப்பழத்திலும் ஒதுங்கிக்கொண்டேன். அந்த வாழைப்பழத்துக்கு முன்னால் நம் பஜ்ஜிக் கடைகள் கொஞ்சம் தலைகுனிய வேண்டும்.

மறுநாள் அபேனா மாவட்ட சபையைக் காட்டினார். வெளிர் மஞ்சள் கட்டடம், வேப்ப மரம், காற்றில் பறக்காமல் இருக்கக் கல் வைத்த காகிதங்கள். மாவட்டம் புதுசு. பெரிய மாவட்டத்திலிருந்து பிரித்தது. "எங்கள் செங்கல்பட்டும் அப்படித்தான்" என்றேன். பிரித்த பிறகு எந்த ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று ஜனங்கள் தேடிக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்டார். ஆமாம் என்றதும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர்கள் ஏற்பாடு இப்படி. மாவட்ட நிர்வாகத் தலைவரை ஜனாதிபதி முன்மொழிவார், சபை ஒப்புக்கொள்ள வேண்டும். சபை உறுப்பினர்களில் பெரும்பாலோர் தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள். ஆனால் அந்தத் தேர்தலில் கட்சி கிடையாது.

"கட்சியே இல்லையா? அப்புறம் எப்படிச் சண்டை போடுவீர்கள்?"

"பாலங்களுக்காக" என்றார் அபேனா.

உள்ளே ஓர் உறுப்பினர் தன் பகுதிச் சிறுபாலம் எப்போது கட்டப்படும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. எனக்கு ஒரு வார்த்தைகூட மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"இது ஓர் அரசாங்கம். கிராமத்துக்குப் போனால் இன்னொன்று இருக்கிறது" என்று அபேனா சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. மோட்டார் பெட்டி வந்து இறங்கியிருந்தது.

கோஃபிக்ரோம் கிராமத்துக்குப் போகும் வழியில் எங்கள் பிக்கப் சேற்றில் இறங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவர்கள், மரவள்ளி சுமந்து வந்த பெண்கள், ஒரு பாதிரியார் எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். தள்ளி முடித்துவிட்டு நான் யார் என்று கேட்டார்கள். நம் ஊரில் முதலில் யார் என்று கேட்டுவிட்டுத்தான் தள்ளலாமா என்று முடிவு செய்வோம்.

கிராமத்தில் போய் இறங்கியதும் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்த பிறகு, "இங்கே எல்லாம் நலம். நீங்கள் வந்த காரியம் என்ன?" என்று முறைப்படி கேட்டார்கள். பம்பு பெட்டி என் பக்கத்திலேயே இருந்தது. வந்த காரியம் ஊருக்கே தெரியும். இருந்தாலும் சொல்ல வேண்டும். சொன்னேன். புதுச் செய்தி கேட்டதுபோல எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

புதன்கிழமை மோட்டாரை இறக்கியாகிவிட்டது. போரிலிருந்து தொட்டி வரை பைப் புதைக்கப் பள்ளம் தோண்ட வேண்டியதுதான் பாக்கி. அன்று சாயங்காலம் முதலாளி போன் செய்தார். அவர் பஞ்சாங்கம் பார்க்காமல் பல்பு கூட மாற்றாதவர்.

"நாளைக்கு வியாழக்கிழமை, வளர்பிறை. பத்தரைக்கு மேல நல்ல நேரம். ராகு காலம் மத்தியானம்தான். எலுமிச்சம்பழம் வெச்சு, சூடம் காட்டி, பள்ளத்தை ஆரம்பிச்சுடுப்பா. போட்டோ அனுப்பு."

யாவிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். "பாஸ், வெள்ளிக்கிழமை செய்யலாமே. அதற்கு அடுத்த நாள் இன்னும் நல்லது."

நாளைக்கு வா, நாளை மறுநாள் வா! இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. வேலையிலிருந்து நழுவப் பார்க்கிறான் என்று நினைத்தேன். "வியாழன்தானே உன் கிழமை? உனக்கும் நல்லதுதான்" என்று அடக்கிவிட்டேன். விருந்தாளியிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்று அவனும் சும்மா இருந்துவிட்டான். அபேனா அன்று மாவட்டத் தலைநகரில் கூட்டத்தில் இருந்தார்.

வியாழக்கிழமை காலை ஒரு ஆள்கூட வேலைக்கு வரவில்லை. வயல் பக்கமும் யாரும் போகவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பார்த்தேன், கடப்பாரையை நானே எடுத்தேன். எலுமிச்சம்பழம், சூடம், கோவிந்தா. சாஸ்திரத்துக்கு மூன்று குத்து. செல்ஃபி.

தலையில் அண்டாவோடு வந்த ஒரு பெண் அப்படியே நின்றாள். அண்டாவை இறக்கி வைத்தாள். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு ஓர் ஓலம் போட்டாள். சூடத்தைப் பார்த்து பயந்துவிட்டாள் என்று நினைத்து நான் கையை அசைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

வியாழக்கிழமை அங்கே பூமித்தாயின் கிழமை. அன்று அவளுக்கு ஓய்வு. யாரும் மண்ணில் வெட்டு விழ வைக்கக் கூடாது. ஆறு நாளும் அவள் முதுகில் குத்துகிறோம், ஒரு நாளாவது படுக்கட்டும் என்பது ஏற்பாடு. ஆனால் நான் நல்ல நேரம் பார்த்து, தேங்காய் மட்டும்தான் இல்லை, மற்ற எல்லா மரியாதையோடும் அவளை எழுப்பிவிட்டேன்.

மத்தியானம் கிராமத் தலைவர் அழைப்பதாக ஆள் வந்தது. அவரை நானா என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அவர் சொல்லும்வரை வேலை நிறுத்தம். விஷயம் தெரிந்து அபேனா அவசரமாக வந்து சேர்ந்தார்.

"மாவட்ட சபை அனுமதி கொடுத்ததே!" என்றேன்.

"சபை பைப்புக்கு அனுமதி கொடுத்தது. மண் நானாவுடையது" என்றார் அவர்.

வானிலை அறிக்கையில் வங்கக் கடலில் ஏதோ சுழல ஆரம்பித்திருந்தது. இங்கே இழுத்தடித்தால் மழை எனக்கு முன்னால் முடிச்சூர் போய்விடும். வசந்தி அதற்கும் முன்னால் கீழ்க்கட்டளை போய்விடுவாள்.

அரண்மனை என்பது ஒரு பெரிய வீடும், முற்றத்தில் ஒரு கொட்டகையும். செருப்பைக் கழற்றிவிட்டு, வலமிருந்து இடமாக எல்லாருக்கும் கை கொடுத்து உட்கார்ந்தோம். நானா ஒரு தோளைத் திறந்துவிட்டு வண்ணத் துணி போர்த்தியிருந்தார். கண் அசையவில்லை. அவருக்குப் பக்கத்தில் தங்க நிறத் தலை வைத்த கோலோடு ஒருவர் நின்றார். பெயர் க்வாமே. மற்ற நாளில் சந்தையில் போன் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர். இங்கே அவர் ஓச்சியாமே, அதாவது தலைவரின் வாய். தலைவரிடம் யாரும் நேராகப் பேசக் கூடாது. அவரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார். எல்லாம் இவர் வழியாக.

எனக்கு இது தெரியாது. எழுந்து நின்று நேராக நானாவைப் பார்த்தே ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டேன். அபேனா என் சட்டையைப் பிடித்து இழுத்து க்வாமே பக்கம் திருப்பினார். திரும்பியும் சூடு குறையவில்லை.

"இவரிடம் சொல்லுங்கள். நான் வந்தது இந்த ஊருக்குத் தண்ணீர் கொடுக்க. மூன்று குத்துக்கு இவ்வளவு கலாட்டாவா? நாள் பார்த்துக்கொண்டே இருந்தால் நான் எப்போது ஊர் திரும்புவது? அங்கே என் வீட்டுக்குள் தண்ணீர் ஏறப் போகிறது. என் மனைவி பெட்டி கட்டிவிட்டாள்!"

க்வாமே கோலைத் தட்டிவிட்டு மெதுவாகப் பேசினார். நான் பேசியதைப்போல மூன்று மடங்கு பேசினார். அபேனா என் காதில் சொன்னார்:

"கடல் தாண்டி வந்த இந்த மனிதர், தன் வீட்டு வாசலில் மழை காத்திருக்கும்போதே நம் தாகத்துக்காக வந்திருக்கிறார். நம் தாயின் ஓய்வு நாளை அறியாமல் எழுப்பிவிட்டேனே என்று அவர் மனசு நடுங்குகிறது. அறியாத காலில் முள் குத்தினால் முள்ளைத்தான் எடுப்பார்கள், காலை வெட்ட மாட்டார்கள். ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்கிறார்."

நான் கேட்காத மன்னிப்பை எனக்காகக் கேட்டு, நடுங்காத என் மனசை நடுங்கவும் வைத்துவிட்டார்.

நானா சுருக்கமாக ஏதோ சொன்னார். க்வாமே என்னிடம் ஆங்கிலத்தில், "பயணக் களைப்பில் விருந்தாளியின் குரல் சற்று உயர்ந்திருக்கிறது, அவர் நன்றாக ஓய்வெடுக்கட்டும் என்று நானா விரும்புகிறார்" என்றார்.

"நிஜமாக என்ன சொன்னார்?" என்று அபேனாவிடம் கிசுகிசுத்தேன்.

"இந்த ஆள் ஏன் காக்கா மாதிரி கத்துகிறான் என்றார்."

தீர்ப்பு வந்தது. பூமித்தாயைச் சமாதானப்படுத்த ஓர் ஆடு, இரண்டு பாட்டில் சாராயம். வெள்ளிக்கிழமை காலை கொண்டுவர வேண்டும். அதன்பிறகு பள்ளம்.

அப்படியாக, புரட்டாசி மாதத்தில் கையில் இரண்டு பாட்டிலும் மடியில் ஆட்டின் தலையுமாக பிக்கப்பில் உட்கார்ந்து போன முதல் முடிச்சூர்வாசி ஆனேன். சரியாக அந்த நேரம் பார்த்து வசந்தி வீடியோ காலில் வந்தாள். பாட்டில்களைக் காலுக்குக் கீழே தள்ளினேன். ஆட்டைத் தள்ள முடியவில்லை.

"ஏங்க, அங்க என்ன சத்தம்?"

"வயல்ல ஏதோ கத்துது."

"வயல்ல கத்துதா? உங்க தோள்ல ஒரு காது தெரியுது!"

"நெட்வொர்க் சரியில்ல வசந்தி" என்று வைத்துவிட்டேன்.

க்வாமே சாராயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் ஊற்றி, பூமித்தாயையும் முன்னோர்களையும் பெயர் சொல்லி அழைத்துப் பேசினார். நடுவில் "க்வாசி", "முடிச்சூர்" என்று காதில் விழுந்தது. என் வீட்டு மழைக்காகவும் சேர்த்து வேண்டிக்கொண்டாராம். அந்த மனிதருக்கு என்னை இரண்டு நாளாகத்தான் தெரியும்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. முந்தின நாள் ஓர் ஆள்கூட வராத இடத்துக்கு ஊரே மண்வெட்டியோடு வந்தது. ஓலம் போட்ட பெண்மணிதான் முதல் வெட்டு. சாயங்காலத்துக்குள் பள்ளம் முடிந்து, பைப் இறங்கி, மண்ணும் மூடியாகிவிட்டது. என் கணக்குப்படி அது நான்கு நாள் வேலை.

சனிக்கிழமை தொட்டி நிரம்பி, குழாயில் தண்ணீர் வந்தது. பெண்கள் பாடினார்கள், பாதிரியார் ஆடினார். என் முன்னால் ஒரு தட்டு வந்தது. அதில் என் மடியில் பயணம் செய்த ஆடு. அதுவும் புரட்டாசி சனிக்கிழமை! நான் க்வாமேயைப் பரிதாபமாகப் பார்த்தேன். அவர் எழுந்து கோலைத் தட்டி, "இவர் நாட்டில் இந்த மாதம் முழுவதும் ஆடு கோழிகளுக்கு ஓய்வு" என்று அறிவித்தார்.

நானா முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். அதோடு முறையையும் ஓரம் கட்டிவிட்டு, சுத்தமான லண்டன் ஆங்கிலத்தில் என்னிடமே சொன்னார்: "நாங்கள் மண்ணுக்கு ஒரு நாள் லீவு கொடுத்ததற்கு நீ கத்தினாய். நீங்கள் ஆட்டுக்கு ஒரு மாதமே கொடுக்கிறீர்களே!"

அவர் பல வருஷம் லண்டனில் பஸ் ஓட்டியவராம். ஈஸ்ட் ஹாமில் தோசை சாப்பிட்டிருக்கிறார். அப்படியானால் நான் அன்று கத்திய ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு அப்போதே புரிந்திருக்கிறது. எனக்கு உட்கார்ந்த இடம் சுட்டது.

"அவருக்குத்தான் எல்லாம் புரியுமே, நடுவில் நீங்கள் எதற்கு?" என்று அப்புறம் க்வாமேயிடம் கேட்டேன்.

"காது கேட்டுவிடும். ஆனால் நீ சொன்னதற்குப் பதில் சொல்வதா, நான் சொன்னதற்குப் பதில் சொல்வதா என்று அவர் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். "தவிர, ஊற்றுகிற ஒவ்வொரு பாட்டிலிலும் எனக்கு ஒரு கிளாஸ் உண்டு."

முடிச்சூர் திரும்பியபோது ஐப்பசி பிறந்திருந்தது. வானம் இடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வசந்தியின் பெட்டி ஹாலுக்கு வந்துவிட்டது. ஆட்டின் காதிலிருந்து ஆரம்பித்து எல்லாக் கதையும் சொன்னேன்.

"அந்த மாதிரி உங்களுக்கும் தனசேகருக்கும் நடுவுல நிக்க யார் இருக்கா? நிக்கிறவங்க தலைதான் உருளும்" என்றாள்.

ஒருவர் இருந்தார். எங்கள் தெருக்கோடி சுலோச்சனா டீச்சர். ரிட்டயர்டு தலைமையாசிரியை. தனசேகரின் இரண்டு பெண்களும் அவரிடம் படித்தவர்கள். அவர் குரல் கேட்டால் தனசேகர் இன்றும் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிடுவார். ஓச்சியாமே வேலையை விளக்கிச் சொன்னதும் டீச்சருக்குக் கண் பளபளத்தது.

"ஆடெல்லாம் வேண்டாம். எலுமிச்சம்பழம் போதும்" என்றார்.

தனசேகர் வீட்டு ஹாலில் நான் ஒரு சோபா, அவர் எதிர் சோபா, நடுவில் நாற்காலியில் டீச்சர். கோலுக்குப் பதிலாகக் குடை.

"டீச்சர், கேளுங்க அவரை. கால்வாய் என்ன அவங்க அப்பா வீட்டுச் சொத்தா?" என்றேன்.

டீச்சர் குடையை ஒரு தட்டுத் தட்டினார். "தனசேகர், உங்க அப்பா காலத்துலேருந்து இந்தக் கால்வாயைப் பாத்தவர் நீங்க. தண்ணி போக நீங்கதான் ஒரு வழி சொல்லணும்னு சார் கேக்கறார்."

தனசேகர் என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "டீச்சர், எனக்கும் காது கீது."

"இருக்கட்டும். பதிலை என்கிட்ட சொல்லுங்க."

"அப்பன்னா கேளுங்க. ஆபீஸ் ஆபீஸா மனு குட்த்துகினு என் பேரை நாறடிச்சாரே, ஒரு நாளாவது வூட்டாண்ட வந்து கேட்டாரா? இன்னாவோ நான் பாகிஸ்தான்ல கீற மாதிரி!"

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "இத்தனை நாளா நீங்க வீட்டுக்கு வரவே இல்லையேன்னு வருத்தப்படறார்."

டீச்சர் இதில் எதையும் மாற்றவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. எதிரெதிர் வீடு. எல்லா ஆபீஸ் படியும் ஏறினேன், அந்த மூன்று படி ஏறவில்லை. சங்கடமாக இருந்தது.

"ராம்ப்பை ஒட்ச்சா கார் எப்டி ஏறும்? அத்தையும் கேளுங்க" என்றார் தனசேகர், குரல் கொஞ்சம் இறங்கி.

"காருக்கும் வழி வேணும், தண்ணிக்கும் வழி வேணும்னு ரெண்டையும் யோசிக்கிறார்" என்றார் டீச்சர்.

"நான் எங்க டீச்சர் அப்டி சொன்னேன்?"

"அப்பறம் எப்படிச் சொன்னீங்க?"

தனசேகர் நாங்கள் கொண்டுபோன எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே, "பாக்கலாம்" என்றார். எங்கள் ஊரில் "நாளைக்கு வா"வுக்கு அண்ணன் அது. வீட்டுக்கு வந்ததும் வசந்தி பெட்டிக்குள் இன்னும் இரண்டு புடவை வைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் வானம் கிழிந்தது. சும்மா தூறல் இல்லை, முடிச்சூருக்கென்றே எடுத்து வைத்திருந்த மழை. கால்வாய் நிரம்பி, தண்ணீர் ராம்ப்பில் முட்டி, பழக்கப்படி எங்கள் கேட் பக்கம் திரும்பியது. முதல் படி மறைந்தது. நான் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். வசந்தி அண்ணனுக்குப் போன் செய்தாள், ஆட்டோவுக்கும் சொன்னாள். ஆட்டோ வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தது. பெட்டியை அவள் தூக்கியபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

அப்போது வெளியே ணங் என்று ஒரு சத்தம். மறுபடியும் ணங்.

ஓடிப் போய் வாசலில் நின்றேன். தலையில் துண்டும் மடித்துக் கட்டிய லுங்கியுமாகத் தனசேகர். கையில் கடப்பாரை. தன் ராம்ப்பைத் தானே குத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குத்துக்கும் என்னைப் பார்த்து ஒரு வசவு. சிமென்ட் பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. எங்கள் படியேறிக்கொண்டிருந்த தண்ணீர் ஒரு கணம் தயங்கி, சுழித்துக்கொண்டு அந்தப் பொந்துக்குள் புகுந்தது.

அன்று வியாழக்கிழமை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பரவாயில்லை, சிமென்ட்டுக்கு ஓய்வு நாள் கிடையாது.

"நின்னு வேடிக்க பாக்குது பார், ஆப்பிரிக்கா போய்ட்டு வந்த தொர!" என்று மழைக்கு மேலே கத்தினார் தனசேகர். "உன் வூட்ல ஒரு கடப்பாரை கெடையாதாய்யா? இன்னாய்யா ஆம்பள நீ?"

வசந்தி பெட்டியோடு என் பின்னால் வந்து நின்றாள். மழைச் சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"என்னங்க கத்தறார்?"

"துணைக்கு வரச் சொல்லிக் கூப்பிடறார்" என்றேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினேன். பாதித் தெருவைக் கடக்கும்போது, ஆட்டோக்காரரைத் திரும்பிப் போகச் சொல்லும் வசந்தியின் குரல் பின்னால் கேட்டது.